மூடாத வகை

சின்ன அறையின் தரை ஓரிடத்தில் மட்டும் சூடாக இருந்தது.

இருக்கக் கூடாது. அந்த அறைக்கு வெந்நீர் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. பாய்லரிலிருந்து வரும் வெந்நீரை நாலு அறைத் தரைகளுக்கும் பிரித்து அனுப்பும் பித்தளைக் குழாய், சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கிறது. அதில் நாலாவது கைப்பிடி குறுக்கே திரும்பி மூடிக் கிடக்கிறது. திருப்பிவைத்தவள் குமோக்தான். அவளைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் தொட்டிக்குக் கீழே குனிந்ததே இல்லை.

அறையில் அடுக்கியிருந்த ஊறுகாய்ப் பெட்டிகளையும் உலர்ந்த முள்ளங்கித் தழை மூட்டைகளையும் வெளியே இழுத்துப் போடத்தான் அவள் போனாள். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே பனி பூத்திருந்தது. காலுறை போட்டிருந்தும் பாதத்தில் குளிர் ஊசியாகக் குத்தியது. சுவரோரம், ஒரு காலத்தில் சூட்டில் தீய்ந்து பழுப்பேறிப்போன அந்த மஞ்சள் தரைவிரிப்பின் மேல் கால் வைத்ததும் வெதுவெதுப்பு உள்ளங்காலில் ஏறியது. பதறிக் காலை எடுத்தாள். பிறகு மண்டியிட்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். சூடு நீளமாக இல்லை. ஒருவர் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்து, இப்போதுதான் எழுந்து போன அளவுக்கு இருந்தது. அதைத் தாண்டி ஒரு விரல் நகர்ந்தால் பனிக்கட்டிதான். கூடவே ஒரு வாசனை. முதுகுவலிக்கு ஒட்டும் பட்டையின் கற்பூர நெடி.

"யம்மா!" சமையலறையிலிருந்து பேங் குரல் கொடுத்தார். "இந்த நாலாவது பிடி துருவேறி இறுகிக் கெடக்கே! எத்தனை வருஷமா மூடி வச்சிருக்கீங்க?"

பேங் அந்தக் குடியிருப்பில் முப்பது வருடமாக பாய்லர் வேலை பார்ப்பவர். குளிருக்குப் பேர்போன ஜெச்சொன் ஊரில் பாதி வீட்டுத் தரைக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். பாதி உடம்பைத் தொட்டிக்குக் கீழே விட்டுக்கொண்டு, கால்களை வெளியே நீட்டிப் படுத்திருந்தார்.

"ஆள் இல்லாத ரூம் தானே அண்ணே. எதுக்கு வீணான்னு மூடினேன்" என்றாள் குமோக்.

"எல்லா வீட்டுலயும் இதே கூத்துதான். ஆள் இல்லாத ரூமை மூடிட்டா லாபம்னு நம்ம பொம்பளைங்களுக்கு யாருதான் சொல்லிக் குடுத்தாங்களோ. அந்த ரூம் சும்மா இருக்குமா? பக்கத்து ரூம் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கிட்டுக் கெடக்கும்."

"அண்ணே, மூடின ரூம்ல தரை சுடுமா?"

"சுடாது. கீழ் வீட்டுக்காரன் நல்லா எரியவிட்டா லேசா ஏறும்."

"கீழ் வீடு ரெண்டு வருஷமாப் பூட்டிக் கெடக்கு."

"அப்ப உங்க வீட்டுப் பூனை படுத்திருக்கும்."

"எங்க வீட்ல பூனை ஏது?"

கால்கள் குலுங்கின. சிரிக்கிறார். "பூனையும் இல்ல, ஆளும் இல்லன்னா உங்களுக்குத்தான் காய்ச்சல். கை சுட்டா தரையும் சுடுற மாதிரித்தான் இருக்கும். மக வர்ற பதட்டம், வேற என்ன."

மகள் வருவது உண்மை. நாரே பெண் குழந்தை பெற்று நாலு நாள் ஆகிறது. பிரசவித்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே காய்ச்சல் பரவியதால் மூடிவிட்டார்கள். கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் வர இன்னும் பத்து நாள் ஆகும். அதனால் தாய்வீடு. மூன்று வாரம் சூடான தரையில் படுத்து, கடற்பாசி சூப் குடித்து, வியர்த்து வியர்த்து எலும்புக்குள் போன குளிரை வெளியே தள்ள வேண்டும். அந்த மூன்று வாரமும் வெளி ஆள் யாரும் குழந்தை இருக்கும் அறைக்குள் நுழையக் கூடாது. இதிலெல்லாம் குமோக் கறாரானவள்.

எந்த அறை என்பதைத் தீர்மானித்தவர் அவள் கணவர் தல்சு. "சின்ன ரூம்தான். நல்லா சூடேறுறதே அங்கதான். அப்பா படுத்த எடம். கடைசி வரைக்கும் சூடாத்தான் படுத்திருந்தாரு மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். அவர் இன்னொரு குடியிருப்பில் காவலாளி. ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் வீடு. கடைசி வரைக்கும் சூடாக. மூன்று வருடமாக எந்தச் சாவு வீட்டிலும், எந்தத் திவச நாளிலும் அவர் இதைச் சொல்லத் தவறுவதில்லை. சொல்லும்போதெல்லாம் குமோக்குக்கு எழுந்து போய் ஏதாவது பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

பேங் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சில வெள்ளைக் குப்பிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் பெரிய தையல் விரலுறை போல இருந்தது. அடியிலிருந்து ஒரு வயர்.

"கைப்பிடியெல்லாம் கழட்டிட்டு இந்தத் தலையை மாட்டிருவேன். ஒவ்வொரு ரூம் சுவத்துலயும் ஒரு டயல். டயல் கேட்டா தலை தெறக்கும், போதும்னா மூடும். நீங்க குனியவே வேணாம். இதுல மோட்டார் வச்சது ஒண்ணு இருக்கு. வேகமா மூடும், ஆனா கிர்ருனு கத்தும். புள்ளை தூங்கற வீட்டுக்கு அது வேணாம். இது மெழுகு. உள்ள மெழுகு சூடாகி உப்பும், உப்பித் தள்ளும். மூணு நிமிஷம் ஆகும். ஆனா ஒரு சத்தம் இருக்காது. பேய் நடக்கற மாதிரி."

அவள் சிரிக்கவில்லை.

"சரி, அடுத்ததுதான் நீங்க சொல்லணும். மெழுகுலயே ரெண்டு வகை." இரண்டு குப்பிகளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "இது, கரண்டு இல்லேன்னா மூடிக்கும். இது, கரண்டு இல்லேன்னா தெறந்தே இருக்கும். வயரை எலி கடிச்சுது, தலை செத்துப்போச்சுன்னு வைங்க. மொதல் வகைன்னா ரூம் ஜில்லுனு ஆயிடும். ரெண்டாவதுன்னா ரூம் சுட்டுக்கிட்டே இருக்கும். எல்லாரும் மொதல் வகைதான் போடுவாங்க."

"மூடிக்கும்னா, உள்ள ஆள் இருந்தாலுமா?"

பேங் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "தலைக்குக் கண்ணா இருக்கு? ஆள் இருக்கா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்."

தெரியாதுதான். கைப்பிடிக்கும் தெரியவில்லை. திருப்பிய கைக்குத் தெரிந்திருந்தது.

மாமனாருக்கு அப்போது எண்பத்து நாலு. நினைவு பிசகி இரண்டு வருடம். இரண்டு விஷயம் மட்டும் மறக்கவில்லை. ஒன்று, அப்போது வீட்டுக்கே ஒன்றாகச் சின்ன அறைச் சுவரில் இருந்த பாய்லர் டயலை முப்பதில் வைப்பது. இவள் இருபத்திரண்டில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது முப்பதுக்குப் போயிருக்கும். இன்னொன்று, சோறு. ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை முடித்து அவள் இரவு வர நேரமாகும். அந்தக் காலத்து மனுஷர். வீட்டுக்கு வர வேண்டியவர் பங்கை மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, தரையின் சூடான இடத்தில் வைத்து, போர்வையால் மூடிக் காத்திருப்பார். அவள் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குரல் வரும். "அம்மாடி, வா. ஆறிடப் போவுது." மைக்ரோவேவ் வாங்கிப் பதினைந்து வருடம் ஆன வீட்டில் இந்தக் கூத்து. எரிச்சலாக வரும். சில நாள் அழுகையாகவும் வரும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் தரைவிரிப்பு தீய்ந்து புகைந்தது. அவருக்கு இடுப்பில் கொப்புளம். அவள் கத்தினாள், என்னென்னவோ கத்தினாள். அவர் குழந்தை மாதிரி விழித்தார். வேலைக்குக் கிளம்பும்போது தொட்டிக்குக் கீழே குனிந்து நாலாவது கைப்பிடியைக் குறுக்கே திருப்பினாள். இப்ப வை முப்பதுல, வச்சுக்கிட்டே இரு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. தல்சுக்கு அன்று வேலை நாள், மறுநாள்தான் வருவார். பத்து மணிக்கு அவள் திரும்பியபோது உள்ளிருந்து குரல் வரவில்லை. சரி, கோபமாக இருக்கிறார், இருக்கட்டும் என்று தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் அவர் சுவரோரம் ஒருக்களித்துச் சுருண்டிருந்தார். தரை சுடாது என்று கண்டுகொண்டாரோ என்னவோ, கிண்ணத்தைத் தரையில் வைக்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றோடு சேர்த்துவைத்து, இரண்டு கையாலும் அணைத்து, சூடு போகாதபடி மூடியின் மேல் உள்ளங்கையைப் பொத்தி வைத்திருந்தார். விரல்களைப் பிரித்தெடுக்க நேரமானது. கிண்ணம் பனிக்கட்டியாக இருந்தது.

முதலில் கைப்பிடியைத் திறந்தாள். அப்புறம்தான் தல்சுக்குப் போன் செய்தாள். எல்லோரும் வந்து சேர்ந்தபோது தரை நன்றாகச் சுட்டது. இதயம் நின்றுவிட்டது, வயதாகிவிட்டது என்றார் டாக்டர். எல்லோரும் கலைந்த பிறகு கைப்பிடியை மறுபடி குறுக்கே திருப்பினாள், அப்புறம் திறக்கவே இல்லை.

"யம்மா? எந்த வகைன்னு சொல்லுங்க" என்றார் பேங்.

"மத்த மூணுக்கும் எல்லாரும் போடறதையே போடுங்க அண்ணே. சின்ன ரூமுக்கு மூடாத வகை."

"ஒரே கன்ட்ரோல் பெட்டியில ரெண்டு வகை கலந்தா ஒண்ணு தலைகீழா வேலை செய்யும். அதுக்குன்னு சின்ன சுவிட்ச் இருக்கு, மாத்தித் தர்றேன். ஆனா எதுக்கு இந்த வம்பு? ஒரே வகையாப் போட்டா..."

"கரண்டு போனா அந்த ரூம் மூடவே கூடாது. மூடுமா?"

"மூடாது. உள்ள இருக்கற ஸ்பிரிங் அப்படி. கரண்டு இல்லாம ஆள் அமுக்கினாலும் மூடாது. கட்டை விரல் ஒடியும், அவ்வளவுதான்." ஒரு குப்பியின் உச்சியைக் காட்டினார். "நடுவுல நீலக் குமிழ் தெரியுதா? மேல எழும்பி நின்னா தெறந்திருக்கு. உள்ள இறங்கினா மூடிக்கிச்சு. சந்தேகம் வந்தா டார்ச் அடிச்சுப் பாத்துக்கங்க. அப்புறம் பேத்தி பேரைச் சொல்லி ஒரு காப்பி போடுங்க."

சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்தார். நாலாவது குமிழ் மட்டும் மாட்டிய உடனேயே எழும்பி நின்றது. குமோக்குக்கு மூன்று வருடத்தில் முதல் முறையாக மூச்சு அடிவயிறு வரை போனது. அப்பாடா என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

வியாழக்கிழமை மகள் வந்தாள். குழந்தை இரண்டு கை அகலம்தான் இருந்தது. கறுத்த தலைமுடி, சுருங்கிய நெற்றி, தூக்கத்தில் எதையோ மெல்லும் வாய். தல்சு எட்டி நின்றே பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சின்ன அறையின் தரை முழுக்க ஒரே சீராகச் சூடேறியிருந்தது. குமோக் ஒரு மூலை விடாமல் கையால் தடவிச் சோதித்திருந்தாள். சுவரோரத்துப் பழுப்பு இடத்தைத் தவிர்த்து, ஜன்னல் பக்கமாகப் படுக்கை விரித்தாள். இருபத்தாறில் டயலை வைத்தாள்.

"அம்மா, வேகுது. ஆவிப் பானையில வச்ச மாதிரி இருக்கு" என்றாள் நாரே.

"வேகட்டும். காலுறையைக் கழட்டாத. இப்ப குளிர் ஏறினா நாப்பது வயசுல மூட்டு மூட்டா வலிக்கும், அப்ப என்னைத் திட்டுவ."

"நாப்பதுல திட்டறதுக்கு நீ இருப்பியா?"

"இருந்து திட்டு வாங்கிட்டுத்தான் போவேன்."

மறுநாள் காலை டயல் முப்பதில் இருந்தது. நாரேதான் குளிரில் திருப்பியிருப்பாள் என்று குமோக் இருபத்தாறுக்குக் கொண்டுவந்தாள். தல்சு வேலைக்குக் கிளம்பிப் போனார். பத்து மணிக்கு சூப்பு எடுத்துக்கொண்டு போனபோது மறுபடி முப்பது.

"அம்மா, நீயே ஏத்திட்டு நீயே இறக்கறியே. எதுக்கு இந்த விளையாட்டு?" மகள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

குமோக் டயலை மறுபடி இருபத்தாறுக்குத் திருப்பினாள். சூப்புக் கிண்ணத்தை மகள் பக்கத்தில் வைத்தாள். அறையில் பால் வாசனை, புதுத் துணி வாசனை. அடியில் எங்கேயோ கற்பூர நெடி.

மதியம் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது நாரே தட்டைத் தள்ளினாள். "போதும்மா. இப்பத்தானே அந்தக் கிண்ணத்துச் சோத்தையும் தின்னேன்."

"எந்தக் கிண்ணம்?"

"போர்வைக்கு அடியில வச்சிருந்தியே. தாத்தா வைப்பாரே, அதே மாதிரி. தொறந்தா ஆவி பறக்குது. இந்தக் காலத்துல யாரும்மா இப்படிச் செய்யறாங்க? எனக்கு அழுகையே வந்துடுச்சு."

சுவரோரம், பழுப்பு இடத்தில், மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. விளிம்பில் அந்தச் சின்ன நசுங்கல். மூன்று வருடத்துக்கு முன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டவள் அவள்தான். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தவளும் அவள்தான்.

கிண்ணத்தைச் சமையல் மேலங்கி நுனியால் பிடித்து எடுத்தாள். வெறும் கையால் தொட மனம் வரவில்லை. பால்கனிக் குப்பைப் பெட்டியில் போட்டு, மேலே இரண்டு பழைய செய்தித்தாள் கட்டுகளை வைத்தாள். மகளை வேறு அறைக்கு மாற்றிவிடலாம். மற்ற அறைகள் ஜன்னல் காற்று புகும் அறைகள். பரவாயில்லை. தல்சு கேட்பார். கேட்கட்டும். நாளைக் காலை அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கைப்பிடி, கிண்ணம், எல்லாம். மனதுக்குள் அந்த வாக்கியத்தை அமைத்துப் பார்த்தாள். முதல் வார்த்தைக்கு மேல் போகவில்லை.

மூன்று மணிக்குக் கூரையில் பதித்த ஒலிபெருக்கி கரகரத்தது. மின்பரிசோதனை காரணமாக இன்று நாலரை முதல் ஆறு வரை குடியிருப்பு முழுவதும் மின்சாரம் இருக்காது, லிஃப்டில் ஏற வேண்டாம். அறிவித்த ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நாலு நாளாகக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததுதான். குமோக் அதைப் படித்தும் இருந்தாள். அதற்காகத்தானே மூடாத வகை.

பேங்குக்குப் போன் செய்தாள்.

"கரண்டு போனா பாய்லரும் நின்னுடும்மா. பம்ப்பும் நிக்கும். ஒண்ணும் ஆகாது. காங்கிரீட் தரை, மூணு மணி நேரம் சூட்டைப் புடிச்சு வச்சுக்கும். நீங்க புள்ளையைப் பாருங்க, தரையை நான் பாத்துக்கறேன்."

நாலரைக்கு வீட்டின் எல்லாச் சத்தமும் ஒன்றாக நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், பால்கனியில் பாய்லரின் உறுமல், சுவருக்குள் எப்போதும் கேட்கும், எப்போதும் கேட்பதாகத் தெரியாத நீரோட்டம். அவை போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. தாயும் சேயும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. கண்ணாடியில் கடைசி வெளிச்சம் சாம்பலாக நின்று, மெல்லக் கரைந்தது. ஐந்து மணிக்குச் சமையலறை இருண்டது.

குமோக் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குக் கீழே குனிந்தாள். ஈர மரத்தின் வாசனை, பித்தளை வாசனை. வெள்ளைத் தலைகள் வரிசையாக நின்றன. முதல் மூன்றிலும் நீலக் குமிழ் உள்ளே இறங்கியிருந்தது. அப்படித்தான் இறங்க வேண்டும். நாலாவது எழும்பி நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. கட்டை விரல்தான் வலித்தது.

சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள். அந்த ஒரு நிமிடம் நிம்மதியாகவே இருந்தது.

அப்போது குமிழ் இறங்கியது.

விருட்டென்று இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மயிரிழை மயிரிழையாக. மேலே எதுவும் இல்லை. யாரும் தொடவில்லை. ஆனால் குமிழைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் லேசாகக் குழிந்தது, கட்டை விரலின் அகலத்துக்கு. சத்தம் இல்லை. பாதி. முக்கால்.

"வேணாம்" என்றாள். விரலை நுழைத்து நகத்தால் நெம்பினாள். நகம் பிய்ந்தது. குமிழ் முழுக்க உள்ளே போயிற்று.

எழுந்தாள். தொட்டி விளிம்பில் தலை இடித்தது. ஓடினாள். நாலே எட்டு. மூன்றாவது எட்டில் பாதத்துக்குக் கீழே தரை மாறியது. கூடத்தின் கதகதப்பு அறை வாசலில் கத்தியால் அறுத்தது போல் முடிந்தது. அந்தப் பக்கம் பனி. மூணு மணி நேரம் தாங்கும் என்றாரே. முப்பது நிமிடம்தான் ஆகிறது. அவள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

"நாரே?"

ஜன்னல் பக்கமிருந்து தூக்கக் கலக்கத்தில் மகளின் குரல். "ம்ம்... கத்தாதம்மா. இப்பத்தான் தூங்கினா."

"பாப்பா எங்கடி?"

"குளிருதுன்னு அழுதா. நீதானே வாங்கிக்கிட்ட." நாரே சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தாள். அவள் பக்கத்துச் சின்ன மெத்தை காலி. "தாத்தா வாசனை அடிக்குதும்மா. நல்லாருக்கு..."

போன் விளக்கு தரையில் ஊர்ந்தது. விரிப்பு. பால் புட்டி. கழற்றிப்போட்ட காலுறை ஒன்று. சுவரோரம் பழுப்பு இடம்.

அங்கே ஒரு போர்வை மேடு.

ஒருக்களித்து. முழங்காலை மடக்கி. முதுகைக் காட்டிக்கொண்டு. போர்வை விலகிய இடத்தில், கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைகளுக்கு நடுவே, சதுரமாக ஒட்டிய பட்டை. மேட்டைச் சுற்றி விரிப்பில் உறைபனி பூத்திருந்தது.

அதை நோக்கி நடந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். விளக்கை இறக்கினாள்.

சட்டை மேலே ஏறியிருந்தது. வெளுத்த வயிறு. வயிற்றோடு சேர்த்து, இரண்டு கையாலும் அணைத்து, துணிச் சுருணை. அதன் நுனியில் கறுத்த தலைமுடி தெரிந்தது. முகம் தெரியவில்லை. முகத்தின் மேல் அகலமான, நீலம் பாரித்த உள்ளங்கை, சூடு போகாதபடி, மூடியைப் பொத்துவது போலப் பொத்தியிருந்தது.

"கதவைச் சாத்து, அம்மாடி" என்றது குரல், கனிவாக. "ஆறிடப் போவுது."